கதவு ஒன்பது, நாற்பது பிரதிகள்

கஸ்தூரியார் வீதியில் எங்கட அச்சகம்
செத்தவர்களால்தான் ஓடுது.
முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு,
முகப்பில் படம், படத்தைச் சுற்றித் தாமரை,
தாமரைக்கு மேலே குத்துவிளக்கு,
மிஞ்சிய மூலையில் ஒரு புறா.
வெள்ளை தெரிந்தால் சனம் காசைக் குறைக்கும்.

ஜெரோமினா வந்த அன்று கரண்ட் இல்லை.
நாவாந்துறைப் பிள்ளை.
நில அளவையாளர் ஒருவரிடம் காணி வரைபடம் கீறுகிறாள்.
உறுதியில் உள்ள வேலியும் நிலத்தில் உள்ள வேலியும்
ஒத்துவராத ஊரில்
நாள் முழுக்க எல்லைக்கோடு.
இரவில் வேறு கோடு.

மேசையில் தாளை வைத்தாள்.
முழுக்க வெள்ளை.
கீழே கால்வாசியில் மயிர் தடிப்பில் ஒரு கோடு,
மேலே ஒரு புள்ளி.
தலைப்பு பின்னட்டையில், எறும்பளவு.

"மிச்சம் எப்ப தருவீங்கள்?"
"உவ்வளவுதான் அண்ணை."
"கோடு என்ன, பண்ணைக் கடலோ?"
"அப்பிடி வைச்சுக்கொள்ளுங்கோ."
"புள்ளி?"
"கப்பல். நானூறு வருசமாய் ஓடுது."

கல்வெட்டு அளவிலேயே கேட்டாள், வெட்டுக்கூலி மிச்சம்.
இருபத்துநாலு பக்கம், நடுவில் இரண்டு பின்.
பக்கத்துக்கு ஐந்து வரி, சிலதில் ஒன்று.
ஒழுங்குபடுத்தும்போது வாசித்துவிட்டேன்.
கப்பலில் ஒருத்தி. பெயர் இல்லை.
ஏழாம் பக்கத்தில் ஒன்பதாம் கதவு திறக்கிறது,
'திற' என்று யாரும் சொல்லவில்லை.
இருபத்தோராம் பக்கத்தில் மூடுகிறது.
இடையில் யோசிப்பதெல்லாம் கதவு.
மற்ற எட்டுக் கதவும் எங்கே என்று கதை சொல்லாது.
இரவு புட்டைப் பிசைந்தபடி நான் அதையே நினைத்திருக்க
மனுசி கேட்டாள், கேற்றைப் பூட்டினனீங்களோ என்று.

பதின்மூன்றாம் பக்கம் வெறுமை.
"இதுக்கும் காசோ?" என்றாள்.
"வெளிக்கும் தாள் வேணுமே பிள்ளை" என்றேன்.
ஏதோ பெரிதாய்ச் சொன்னதுபோல
அதைக் குறித்துக்கொண்டாள்.

பிழை சனிக்கிழமை நடந்தது.
தகட்டில் ஒரு கறுப்பு.
இருபது வருசக் கை, தூசியைக் கண்டால் பொறுக்காது.
அழிப்பான் தொட்டு எடுத்துவிட்டேன்.
நாற்பது அட்டையும் ஓடி முடிந்தது.
கடல் இருந்தது.
கப்பல் இல்லை.

திங்கள் பின்னேரம் வந்தாள்,
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
புதுசாய் அடித்துத் தாறன், தாள் என்ர கணக்கு என்றேன்.
பதில் இல்லை. பையிலிருந்து வரைபடப் பேனையை எடுத்தாள்.
தாள் வெட்டும் மேசையில் நாற்பதையும் பரப்பி
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி,
முந்தியதைவிட மூன்று மில்லிமீற்றர் தள்ளி.
முதலாம் பிரதியில் கப்பல் இடது ஓரம்.
நாற்பதாவதில் தாளை விட்டு இறங்கப் பார்க்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம்:
அப்பாவின்ர தலைக்கு மேல இடம் கிடக்குது,
ஏதும் போடுங்கோ.
போட்டேன். தாமரைதான்.
அவள் நிமிரவேயில்லை, முப்பத்துமூன்றில் நின்றாள்.

முடிந்ததும் அடுக்கிப் பெருவிரலால் விசிறினாள்.
ஓடியது.
மெசின் பெடியன் விசில் அடித்தான்.

திருநெல்வேலிச் சந்திக் கடையில் ஐந்து வைத்தாள்,
விலை இருநூற்றைம்பது.
மூன்று விற்றது, ஒன்று திரும்பி வந்தது.
ஒன்றைக் காணவில்லை என்று கடைக்காரர் மன்னிப்புக் கேட்டாராம்.
"களவெடுத்திட்டினம் அண்ணை!"
வாசலில் நின்று சிரித்தாள், அடங்கக் கொஞ்ச நேரம் சென்றது.
பன்னிரண்டாம் பிரதி அது.
இப்போது யாரோ ஒருவர் வீட்டில்
முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றும் இல்லாமல்
அது ஒரே இடத்தில் நிற்கும்.

மார்கழியில் அடுத்த கதை.
அட்டைக்கென்று ஒரு தாள் தந்தாள்.
வெளிச்சத்தில் பிடித்தேன், சரித்துப் பார்த்தேன்,
கோடும் இல்லை.
"அட்டை எங்க பிள்ளை?"
"உதுதான்.
இந்தமுறை தகட்டைத் துடையாதேங்கோ."